இலையைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள்

குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக ‘காற்று மாசும் பயிர் நாற்றுகளும்’ என்ற தலைப்பைக் கையில் எடுத்திருக்கும் மாணவ மாணவியருக்கும், அவர்களுடைய வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மாவட்ட மாநாடுகளில் மதிப்பீட்டாளர் நாற்காலியில் உட்காருகிறவன். அங்கே உட்கார்ந்து பத்து நிமிடம் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவதைவிட, நீங்கள் விதை ஊறப்போடும் முன்பே சிலவற்றைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆய்வு முடிந்த பிறகு சொல்லும் புத்திமதி யாருக்கு உதவும்?

உங்கள் தலைப்பு அடிக்கடி வருகிற தலைப்பு. வரும் அறிக்கைகளும் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் ஐந்து தொட்டி, பள்ளித் தோட்டத்தில் ஐந்து தொட்டி. இரண்டிலும் பாசிப்பயறு. இரண்டு வாரம் கழித்து அளவுகோலை வைத்து உயரம் பார்ப்பது. சாலையோரத்தில் குட்டை, தோட்டத்தில் நெட்டை. வண்ணம் தீட்டிய ஒரு பட்டை வரைபடம். கடைசிப் பக்கத்தில் ‘மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்’. முடிவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஆய்வு அதைக் காட்டவில்லை. தார்ச்சாலையின் வெக்கை வேறு, தோட்டத்து வெக்கை வேறு. சாலையோரத் தொட்டிக்குச் சனி, ஞாயிறு தண்ணீர் விட ஆளில்லை. ஒரு தொட்டியின் மண் வண்டல், மற்றதன் மண் கட்டடத்துக்குக் கொட்டிய செம்மண். நடுவில் ஓர் ஆடு வந்து இரண்டு நாற்றைக் கடித்துவிட்டுப் போயிருக்கும். அதை யாரும் நோட்டில் எழுதியிருக்க மாட்டார்கள். இத்தனையும் மாறியிருக்கும்போது பழியைக் காற்றின் தலையில் மட்டும் போட என்ன நியாயம் இருக்கிறது?

மாற வேண்டியது காற்று ஒன்றுதான். மற்றவை அத்தனையும் ஒன்றாக இருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இருக்கும் விதிதான். செய்து பார்க்கும்போதுதான் அதன் கடினம் தெரியும்.

நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஜிலியன் கிரெக், கிளைவ் ஜோன்ஸ், டாட் டாசன் என்ற மூவர் செய்தது. 2003-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. காட்டன்வுட் என்று ஒரு மரம் உண்டு, பாப்லர் வகை. ஒரே தாய் மரத்திலிருந்து போத்து எடுத்து, சிலவற்றை நியூயார்க் நகருக்குள்ளும் சிலவற்றை அதற்கு வெளியே கிராமப்புறத்திலும் நட்டார்கள். எங்கே நன்றாக வளர்ந்திருக்கும்? வகுப்பில் கேட்டால் அத்தனை கையும் கிராமத்துக்குத்தான் தூக்கும். அங்கே நடந்தது நேர்மாறு. நகரத்துக் கன்றுகளின் எடை கிராமத்துக் கன்றுகளின் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அவர்கள் இதை அப்படியே நம்பிவிடவில்லை. மண்ணா, வெப்பமா, கரியமில வாயுவா, மழையோடு இறங்கும் நைட்ரஜன் சத்தா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்து விலக்கினார்கள். கடைசியில் மிஞ்சியது ஓசோன். நகரத்தைவிடக் கிராமப்புறத்துச் செடிகள்தான் பருவம் முழுவதும் கூடுதல் ஓசோனைச் சுவாசித்திருந்தன.

காரணம் வேதியியலில் இருக்கிறது. ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வருவதில்லை. வண்டியும் ஆலையும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல் ஆவி போன்ற கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து உண்டாகிற பொருள் அது. அதனால் நண்பகல் கடந்த நேரத்தில் கூடும், இரவில் குறையும். ஆனால் நெரிசலான சாலையில் வண்டிகள் ஓயாமல் விடும் நைட்ரிக் ஆக்சைடு, ஓசோனைக் கண்ட இடத்திலேயே வினைபுரிந்து அழித்துவிடும். புகை காற்றோடு நகர்ந்து, வெயில் காய்ந்து, ஊருக்கு வெளியே வயற்காட்டை அடையும்போது அழிக்க ஆளில்லாமல் ஓசோன் சேர்ந்துவிடுகிறது. நகரம் செய்த வினையைக் கிராமம் அனுபவிக்கிறது.

ஆகவே ‘நகரக் காற்று கெட்டது, எங்கள் ஊர்க் காற்று சுத்தமானது’ என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டு ஆய்வைத் தொடங்காதீர்கள். சாலைச் சந்திப்பில் தூசியும் நைட்ரஜன் டை ஆக்சைடும் மிகுதியாக இருக்கும். ஓசோன் குறைவாக இருக்கலாம். முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் கணக்கே தலைகீழாகலாம். உங்கள் ‘சுத்தமான’ இடத்துத் தொட்டிகளே நொந்து நிற்கக்கூடும்.

அடுத்தது அளவுகோல். அதன் மேல் எனக்கு நீண்ட நாள் கோபம் உண்டு.

உயரம் பொய் சொல்லும். நிழலில் வைத்த பயறு நாற்று வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளரும். தண்டு மெலிந்து, இலை வெளுத்து, எடையே இருக்காது. நல்ல வெயிலில் வளர்ந்தது குட்டையாக, தடித்து, கனமாக இருக்கும். உயரத்தை மட்டும் எழுதினால் நோஞ்சான்தான் முதல் பரிசு வாங்கும். அது மட்டுமில்லை. ஓசோன் போன்ற வாயு இலைத்துளை வழியாக உள்ளே போய் ஒளிச்சேர்க்கையைக் குறைக்கும்போது, செடி தன்னிடம் இருக்கும் குறைந்த உணவை முதலில் இலைக்குத்தான் கொடுக்கிறது; புண்ணான இலையைப் பழுது பார்க்கவும் புதிய இலை விடவும் செலவழிக்கிறது. வேருக்குப் போகும் பங்கு சுருங்குகிறது. மேலே பச்சையாக நிற்கும், கீழே வேர் இளைத்திருக்கும். அளவுகோல் மண்ணுக்கு மேலேதான் அளக்கும்.

இந்த ‘மேலே பச்சையாக நிற்கும்’ என்பதை வைத்துப் பெரிய வழக்குகளே நடந்திருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் செம்பு, ஈய உருக்காலைகள் கக்கிய கந்தக டை ஆக்சைடால் பயிர் கெடுகிறது என்று விவசாயிகள் முறையிட்டார்கள். கனடாவின் ட்ரெயில் என்ற ஊரிலிருந்த உருக்காலைப் புகை, எல்லை தாண்டி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில வயல்களில் இறங்கியது. இரு நாடுகளும் நடுவர் மன்றம் அமைத்து, 1938-இலும் 1941-இலும் தீர்ப்பு வந்து, கனடா இழப்பீடு கொடுத்தது. பன்னாட்டுச் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் இன்றும் அந்த வழக்கில்தான் தொடங்குகிறார்கள்.

அந்தக் காலத்து விவாதத்தின் மையக் கேள்வி இது: இலையில் கறை தெரியாவிட்டாலும் பயிருக்கு நட்டம் உண்டா? உருக்காலை நிறுவனம் ஒன்று சொந்தமாக நடத்திய ஆய்வுக்கூடத்தில் ஹில், தாமஸ் என்ற இரு அறிவியலாளர்கள் குதிரைமசால் பயிரில் கந்தக டை ஆக்சைடைச் செலுத்திப் பார்த்தார்கள். இலை எவ்வளவு பரப்பில் கருகியதோ அந்த அளவுக்குத்தான் விளைச்சல் குறையும், கத்தரியால் அவ்வளவு இலையை வெட்டினாலும் அதே குறைவுதான் என்று 1933-இல் எழுதினார்கள். கவனமாகச் செய்த ஆய்வுதான். ஆனால் அதன் பலன் யாருக்குப் போயிற்று என்று யோசியுங்கள். கறை இல்லையா, நட்டம் இல்லை. நட்டம் இல்லையா, இழப்பீடும் இல்லை.

அதற்கு மறுப்பு 1952-இல் மான்செஸ்டரிலிருந்து வந்தது. பிளீஸ்டேல் என்ற ஆராய்ச்சியாளர் கண்ணாடிக் கூடங்களில் ரை புல்லை வளர்த்தார். ஒன்றில் ஊரின் நிலக்கரிப் புகைக் காற்றை அப்படியே விட்டார். மற்றதில் அதே காற்றை நீரால் கழுவி உள்ளே விட்டார். அறுத்து, காயவைத்து, எடை போட்டபோது புகைக் காற்றில் வளர்ந்த புல் குறைவாக இருந்தது. இலையில் கறை ஏதும் இல்லை. இரண்டு கூடத்துப் புல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்லத் தெரியாத அளவுக்குப் பச்சை. தராசுதான் சொல்லியது.

இந்தக் கதையை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், நம் ஊர்களிலும் அதே பதில்தான் கிடைக்கிறது. ஆலைப் புகையால் பயிர் தேறவில்லை என்று மனுக் கொடுக்கப் போகும் விவசாயியிடம், ‘இலை பச்சையாத்தானே இருக்கு’ என்பார்கள். பச்சை என்பது ஆதாரமே இல்லை என்று நீங்கள் காட்ட முடியும். அதே வேளையில், அரைகுறையாகச் செய்த ஆய்வு அந்த விவசாயிக்குக் கேடு. ‘தண்ணீர் சரியாக விட்டீர்களா? மண் ஒன்றா?’ என்ற இரண்டே கேள்வியில் உங்கள் அறிக்கை சரியும். அதோடு சேர்ந்து அவருடைய நியாயமும் சரியும்.

சரி, செய்வது எப்படி?

முதலில் உங்கள் ஊர்க் காற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ‘மாசு’ என்று ஒரு பொருள் கிடையாது. அரியலூரில் சிமென்ட் தூசியும் சுண்ணாம்புக்கல் லாரிகளும். கரூர் மாவட்டத்தில் கல்குவாரியும் கிரஷரும். எண்ணூரிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் அனல்மின் நிலையச் சாம்பலும் வாயுக்களும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி. வேறு ஊர்களில் செங்கல் சூளை. ஒவ்வொன்றும் செடியை ஒவ்வொரு வழியில் தாக்குகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் அளவீட்டு நிலையம் அருகில் இருந்தால் அதன் எண்கள் ‘சமீர்’ செயலியில் கிடைக்கும். தினமும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதுங்கள். ஆனால் அந்த வரம்புகள் முதன்மையாக மனிதரின் உடல்நலத்தை வைத்து எழுதியவை. 2009-இல் அறிவித்த தேசிய அளவுகோலில் ஓசோனுக்கு எட்டு மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். பயிருக்கென்று தனி வரம்பு அதில் இல்லை. ஐரோப்பாவில் பயிருக்கு வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பகல் வேளையில் ஓசோன் நூறு கோடியில் 40 பங்கைத் தாண்டும் ஒவ்வொரு மணி நேரத்திலும், தாண்டிய அளவை மூன்று மாதத்துக்குக் கூட்டிக்கொண்டே போவது. ஒரு நாள் உச்சத்தைவிட, நாள்தோறும் சேரும் சிறிய சுமையே பயிரை அதிகம் வாட்டுகிறது என்ற அறிவு அந்தக் கணக்கில் இருக்கிறது.

தூசி ஊர்க்காரர்களுக்கு எளிய வழி உண்டு. இரண்டு இடத்தில் தொட்டி வைக்கவே வேண்டாம். ஒரே இடத்தில், ஒரே வெயிலில் எல்லாத் தொட்டிகளையும் வையுங்கள். பாதித் தொட்டிகளின் இலைகளைத் தினமும் மாலையில் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். மீதியைத் தொடாதீர்கள், வேருக்கு மட்டும் அதே அளவு தண்ணீர். கழுவும் தூசி மண்ணில் இறங்காமல் இருக்கத் தொட்டியின் வாயில் பிளாஸ்டிக் தாளைக் கீறிச் செருகிவிடுங்கள். கழுவிய நீரைத் தட்டில் பிடித்துக் காயவைத்தால் தூசியின் எடையும் கிடைக்கும். இலைப்பரப்பை கிராஃப் தாளில் வரைந்து கட்டம் எண்ணினால், ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு தூசி என்று சொல்லிவிடலாம். இந்த முறையில் ஒரு குறை இருக்கிறது: கழுவும்போது இலை நனைந்து குளிர்கிறது, அதுவும் ஒரு மாற்றம்தான். மறைக்காமல் எழுதுங்கள்.

இன்னும் நேர்த்தியாகச் செய்ய ஆசைப்பட்டால், தூசி இல்லாத இடத்தில் தொட்டிகளை வைத்து, ஆலைப் பக்கத்திலிருந்து சேகரித்துச் சலித்த தூசியை வாரம் ஒரு முறை நிறுத்து இலையில் தூவுங்கள். மூன்று கூட்டம் வையுங்கள்: ஒன்றுக்குத் தூசியே இல்லை, இரண்டாவதற்கு இலையில், மூன்றாவதற்கு மண்ணில் மட்டும். சிமென்ட் தூசி பனிநீரோடு சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடாகி இலைமேல் ஓடு கட்டும், வெளிச்சத்தை மறைக்கும், இலைத்துளையை அடைக்கும். ஆனால் அதே தூசி புளிப்பு மண்ணில் விழுந்தால் சுண்ணாம்பு போட்ட மாதிரி நன்மைகூடச் செய்யலாம். மண்ணில் இட்ட கூட்டம் நன்றாக வளர்ந்தால் திகைக்க வேண்டாம். அதுவும் கண்டுபிடிப்புதான். இலைத்துளை அடைபட்டிருப்பதைப் பார்க்க, இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் ஒட்டும் நாடாவால் உரித்துப் பள்ளி நுண்ணோக்கியில் வையுங்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று பார்ப்பார்கள்.

வாயு கொஞ்சம் சிரமம். 1970-களில் அமெரிக்காவின் ராலே நகரில் ஹீகல் குழுவினர் மேற்புறம் திறந்த கூண்டுகளை வடிவமைத்தார்கள். வட்டச் சட்டம், அதைச் சுற்றி ஒளி புகும் பிளாஸ்டிக் தாள், அடியில் காற்றாடி. சில கூண்டுகளில் காற்றைக் கரித்தூள் வழியாக வடிகட்டி விட்டார்கள், சிலவற்றில் அப்படியே. 1980-களில் நாடு முழுவதும் இதே கூண்டுகளை வைத்துப் பயிர் இழப்பைக் கணக்கிட்டார்கள். சோயாவும் நிலக்கடலையும் ஓசோனுக்கு வாடின. மக்காச்சோளம் அவ்வளவாக அசரவில்லை. வாரணாசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் மதூலிகா அகர்வால் குழுவினர் இதே வகைக் கூண்டுகளில் கோதுமையையும் பயறு வகைகளையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

நீங்கள் இதைச் சிறிதாக்கலாம். இரண்டு ஒளி புகும் பெட்டிகள், இரண்டிலும் பழைய கணினியின் காற்றாடி. ஒன்றில் காற்றாடிக்கு முன்னால் மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் ஊக்கப்படுத்திய கரியைப் பையில் கட்டி வையுங்கள். மற்றதில் கரி இல்லாத வெறும் பை. கரி ஓசோனை நன்றாகப் பிடிக்கும், நைட்ரஜன் டை ஆக்சைடை ஓரளவு பிடிக்கும், நைட்ரிக் ஆக்சைடை ஏறக்குறைய விட்டுவிடும். ஆகவே உங்கள் முடிவு முக்கியமாக ஓசோனைப் பற்றியது. பெட்டிக்குள் வெப்பம் ஏறும், இரண்டிலும் ஒரே அளவு ஏறுகிறதா என்று வெப்பமானியில் பாருங்கள்.

ஆசிரியர்கள் கவனிக்க ஒன்று. ஒரு பெட்டிக்குள் இருபது நாற்று இருந்தாலும், பெட்டியைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சோதனைதான். அந்தப் பெட்டி சுவரோரம் இருப்பதாலேயே நாற்று இளைத்திருக்கலாம். நான்கு வாரம் முடிந்ததும் கரிப்பையை மற்றப் பெட்டிக்கு மாற்றி, புதிய விதை போட்டு மீண்டும் செய்யுங்கள். பலன் கரியோடு போகிறதா, பெட்டியோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். பெரிய ஆய்வுக்கூடங்களிலேயே இந்த இடத்தில் சறுக்குகிறார்கள்.

விதைக்கு வருவோம். ஒரே பையிலிருந்து எடுங்கள். விதை பெரிதானால் நாற்றும் முதலில் பெரிதாகவே இருக்கும், அதில் காற்றுக்குப் பங்கில்லை. நெல் என்றால் உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள்: முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்து, மிதக்கும் பதரைத் தள்ளி, மூழ்கிய விதையை அலசி எடுப்பார். பயறு என்றால் சல்லடையில் சலித்து ஒரே அளவு விதையைப் பொறுக்குங்கள். தொட்டிக்கு மூன்று விதை போட்டு, முளைத்ததும் நடுத்தரமான ஒன்றை விட்டு மற்றதைக் களையுங்கள். எந்தத் தொட்டி எந்தக் கூட்டத்துக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும்; கைக்கு வந்தபடி எடுத்தால் நல்ல நாற்றெல்லாம் உங்களை அறியாமலே நீங்கள் ஜெயிக்க வைக்க நினைக்கும் பக்கம் போய்ச் சேரும். கூட்டத்துக்கு ஐந்து தொட்டி போதாது. குறைந்தது பன்னிரண்டு வையுங்கள்.

இரண்டு வாரத்தில் முடித்துவிடாதீர்கள். பயறு நாற்று தொடக்கத்தில் வித்திலையில் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சோற்றைத்தான் சாப்பிடுகிறது. வித்திலை சுருங்கி உதிர்ந்து, மூவிலைக் கொத்துகள் விரிந்து, தானே உணவு செய்யத் தொடங்கிய பிறகுதான் காற்றின் கெடுதல் எடையில் தெரியும். நான்கு வாரமாவது விடுங்கள். முள்ளங்கி, வெந்தயம், தட்டைப்பயறு எல்லாமே இதற்கு ஏற்றவை.

எடுக்கும் நாளில் தொட்டியைத் தண்ணீரில் அமிழ்த்தி மண்ணைக் கரைத்து, வேர் அறாமல் எடுங்கள். இந்த வேலைக்குப் பொறுமைசாலியான ஒரு பிள்ளையை நியமியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருத்தி இருப்பாள். வேர், தண்டு, இலை என்று தனித்தனியாகப் பிரித்து, காகித உறையில் இட்டு, வெயிலில் நன்றாகக் காயவைத்து, இரண்டு நாள் அடுத்தடுத்து நிறுத்தும் எடை மாறாதபோது எழுதுங்கள். ஈர எடையை நம்பாதீர்கள், தண்ணீர் விட்டதும் எடுத்த நாற்று வாடியபோது எடுத்ததைவிடக் கனமாக நிற்கும். ஒற்றை நாற்றின் வேர் சாதாரணத் தராசில் அசையாது. நகை நிறுக்கும் தராசைக் கடன் கேளுங்கள், கிடைக்கும். எடை போடுகிறவருக்கு எந்த உறை எந்தக் கூட்டம் என்று தெரியக்கூடாது. உறையில் எண் மட்டும் இருக்கட்டும், எண்ணின் விளக்கம் ஆசிரியரின் மேசை அறையில் இருக்கட்டும். பிள்ளைகள் ஏமாற்றுவார்கள் என்று சொல்லவில்லை. ஆசைப்படுகிற கண் தராசு முள்ளை அரைக் கோடு தள்ளியே படிக்கும், பேராசிரியர் கண்ணும் அப்படித்தான்.

இலையின் பச்சையைப் பதிவு செய்ய வேண்டுமென்றால், நெல்லுக்கு யூரியா இடும் நேரம் பார்க்க வேளாண்மைத் துறை கொடுக்கும் இலை வண்ண அட்டையை நெல் நாற்றில் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால் படம் எடுங்கள், ஆனால் உடனே பெயர் சூட்டாதீர்கள். ஓசோன் முதிர்ந்த இலைகளின் மேற்பரப்பில் பொடிப் பொடியான புள்ளி இடும். கந்தக டை ஆக்சைடு நரம்புகளுக்கு இடையே வெளுக்கச் செய்யும். செங்கல் சூளையிலிருந்து வரும் ஃபுளோரைடு நுனியையும் ஓரத்தையும் கருக்கும். சாம்பல்சத்துக் குறைவும் ஓரத்தைத்தான் கருக்கும். இலைப்பேன் தின்ற இலையை ஓசோன் என்று எழுதிய அறிக்கைகள் உண்டு. வட இந்திய மாந்தோப்புகளில் காயின் முனை கறுத்துப் போகும் நோயைச் சூளைப் புகையோடு இணைத்துப் பார்த்தது, தோப்புக்கும் சூளைக்கும் இருந்த தூரத்தையும் காற்றுத் திசையையும் சேர்த்துக் கவனித்த பிறகுதான். கருகல் மட்டும் சாட்சி சொல்லிவிடவில்லை.

கிடைத்த எண்களைச் சராசரியாக்கி இரண்டு பட்டையாகக் காட்டாதீர்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு கூட்டத்துப் புள்ளிகளும் கலந்து கிடந்தால், கலந்து கிடக்கின்றன என்று எழுதுங்கள். ‘வேறுபாடு தெரியவில்லை’ என்ற முடிவோடு வருகிற குழுவை நான் மேடைக்கு அனுப்பத் தயங்க மாட்டேன், ஆய்வு ஒழுங்காக இருந்தால். சக மதிப்பீட்டாளர்களுக்கும் இதையே கேட்டுக்கொள்கிறேன்: அதிர்ச்சியான முடிவுக்குப் பரிசு கொடுத்துக் கொடுத்துத்தான் நாம் பிள்ளைகளை அந்தப் பட்டை வரைபடத்துக்குப் பழக்கியிருக்கிறோம்.

ஒன்றை மட்டும் மிகைப்படுத்த வேண்டாம். நான்கு வார நாற்றின் எடை குறைந்தது என்பதால் ஏக்கருக்கு இத்தனை மூட்டை நட்டம் என்று பெருக்கி எழுதாதீர்கள். நாற்றில் பின்தங்கிய பயிர் பிறகு தேறுவதும் உண்டு. நாற்றில் நன்றாக இருந்து பூக்கும் பருவத்தில் அடிபடுவதும் உண்டு. விளைச்சல் கணக்கை வேறு வழியில் போடுகிறார்கள். 2005-ஆம் ஆண்டில் ஓசோனால் இந்தியா இழந்தது கோதுமையில் சுமார் 35 லட்சம் டன், நெல்லில் சுமார் 21 லட்சம் டன் என்று சச்சின் குடே குழுவினர் 2014-இல் கணக்கிட்டார்கள். அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. ஓசோன் கூடினால் பயிர் எவ்வளவு குறையும் என்ற விகிதத்தை மேலை நாட்டுக் கூண்டுச் சோதனைகளிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். நம் மண்ணில், நம் ரகங்களில் அளந்த எண்கள் போதவில்லை. 2025-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று இந்தியாவின் 144 நிலக்கரி மின் நிலையங்களை எடுத்துக்கொண்டு, புகை வயலை நோக்கி அடிக்கும் நாளையும் அடிக்காத நாளையும் காற்றுத் திசை பார்த்துப் பிரித்து, நைட்ரஜன் டை ஆக்சைடின் விளைவைச் செயற்கைக்கோள் எண்களோடு பொருத்தியது. சில பகுதிகளில் நெல், கோதுமை இழப்பு 10 விழுக்காட்டுக்கும் மேல் என்று அது சொல்கிறது. அதே இடம், அதே வயல், மாறுவது காற்று மட்டும். நீங்கள் பிளாஸ்டிக் பெட்டியில் செய்யப் போவதும் இதே யோசனைதான்.

மாநாடு முடிந்ததும் அறிக்கையைப் பரணில் போட்டுவிடாதீர்கள். நோட்டுப் புத்தகத்தைப் பள்ளியிலேயே வைத்து, அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதே இடத்தில், அதே விதையில், அதே மாதத்தில் மறுபடி செய்யட்டும். மூன்று நான்கு ஆண்டு எண்கள் சேர்ந்தால் ஊராட்சிக் கூட்டத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் நீட்டுவதற்குத் தகுதியான காகிதம் ஆகும் அது. என் மேசைக்கு வரும்போது திருத்தி எழுதிய படி வேண்டாம். மண் ஒட்டிய முதல் நோட்டையே கொண்டு வாருங்கள். ஆடு கடித்த தொட்டியும், தண்ணீர் விட மறந்த ஞாயிறும் அதில் இருக்கட்டும். காய்ந்த வேரின் எடை இல்லாத அறிக்கையை மட்டும் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மதிப்பீட்டாளர்களில் ஒருவன்